பன்னிரண்டு கணு

சொக்கட்டான்புதூரில் அத்தனை பேர் விரல்கணுவிலும் எழுத்து முளைத்த அன்றைக்கு, அதற்குக் காரணமான சாந்தாமணியின் கை மட்டும் வெறுங்கையாக இருந்தது. பால்காரர் கையில் இருந்தது, பாலுக்குச் சொம்பு நீட்டிய பெண்கள் கையில் இருந்தது, முதல் பஸ்ஸின் கண்டக்டர் டிக்கெட் கிழித்த விரலில் இருந்தது, மாரியம்மன் கோயில் பூசாரி திருநீறு கொடுக்க நீட்டிய கையில் இருந்தது, அதை வாங்க நீண்ட கைகளிலும் இருந்தது. மருதாணி வைத்துக் கழுவிய நிறத்தில், கட்டைவிரலை விட்டுவிட்டு மற்ற நான்கு விரல்களிலும் கணுவுக்குக் கணு, மேலே உயிரெழுத்தும் கீழே மெய்யெழுத்துமாக, யாரோ உட்கார்ந்து பொறுமையாக எழுதிவிட்டுப் போனதுபோல. சோப்புக்குப் போகவில்லை, சீயக்காய்க்குப் போகவில்லை, மண்ணெண்ணெய்க்கும் போகவில்லை. போகாது என்று தெரிந்ததும் ஊர் அதைப் பற்றி மேற்கொண்டு அலட்டிக்கொள்ளவில்லை. மில் சங்கு ஊதிவிட்டது, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது, எழுத்து முளைத்த கையிலேயே சோற்றுத் தூக்குப்போசியைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் வேலைக்குப் போனார்கள்.

கைக்குழந்தைகளுக்கு மட்டும் எழுத்து வரவில்லை. எண்ணத் தெரியாத கைக்கு எழுத்து எதற்கு என்று ஊர் அதற்கு ஒரு நியாயத்தையும் கண்டுபிடித்துக்கொண்டது. அப்படியானால் இஞ்சினியருக்குப் படித்த சாந்தாமணிக்கு ஏன் வரவில்லை என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார். மற்றவர்கள் இன்னொரு டீ சொன்னார்கள்.

எழுத்து எப்படி முளைத்தது என்று கேட்டுப் பிரயோசனமில்லை. எதற்காக முளைத்தது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

மில்லுக்குப் பின்னால், முன்பு பஞ்சு குடோனாக இருந்த கட்டடத்தில் கெங்குசாமி ஒரு கம்பெனி நடத்தினார். அங்கே உள்ளங்கை அகலத்தில் ஒரு கால்குலேட்டர் செய்தார்கள். கடையில் விற்கிற கால்குலேட்டர் கூட்டும், கழிக்கும், அதோடு சரி. இது அப்படியில்லை, ஒரு கணக்கை எப்படிப் போடுவதென்று ஒருமுறை புரோகிராம் போட்டுச் சொல்லிக் கொடுத்துவிட்டால் ஆயுசுக்கும் மறக்காமல் தானே போடும். கெங்குசாமி அதைச் "சொன்ன பேச்சுக் கேக்கற பொட்டி" என்று சொல்லித்தான் விற்றார். எந்த நூற்பு ஃப்ரேமில் யார் நின்றார்கள், எவ்வளவு நூல் இறங்கியது, எத்தனை தரம் இழை அறுந்தது என்று ஷிப்டு முடிவில் ஒரு நொடியில் அது சொல்வதைப் பார்த்து மில்லுக்கும் பிடித்துப்போனது. யார் நின்றார்கள் என்பதற்கு டோக்கன் நம்பரைப் போட்டால் போதும் என்றது மில். பேரைப் போட வேண்டும் என்றாள், பொட்டிக்குப் புரோகிராம் எழுதுகிற சாந்தாமணி.

அவள் அப்படி அடம்பிடித்ததற்குக் காரணம் மாராத்தாள். இரண்டு பேரும் மூன்றாம் வகுப்புவரை ஒரே பெஞ்சு. அதற்கப்புறம் ஒருத்தி மேலே படிக்கப் போனாள், ஒருத்தி வீட்டு வேலைக்கும் பிறகு மில்லுக்கும் போனாள். மில்லுக்குள் மாராத்தாளுக்குப் பேர் நூற்றி நாற்பது. மேஸ்திரி அப்படித்தான் கூப்பிட்டார், கூட வேலை செய்தவர்களே மறந்துபோய்ச் சில நாள் அப்படிக் கூப்பிட்டார்கள். அவளுடைய அம்மா செத்துப்போன அன்றைக்கு ஊரிலிருந்து ஆள் ஓடிவந்து கேட்டில் நின்று மாராத்தாளைக் கூப்பிடச் சொல்லிக் கெஞ்ச, வாட்ச்மேன் டோக்கன் பலகையை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, அப்படி யாரும் இங்கே வேலை செய்யவில்லை என்று அனுப்பிவிட்டார். அவர் பொய் சொல்லவில்லை, அந்தப் பலகையில் அப்படி யாரும் இல்லைதான். ஷிப்டு முடிந்து மாராத்தாள் போய்ச் சேர்ந்தபோது சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்பிவந்து தலை துவட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு விஷயத்தைச் சாந்தாமணியால் விழுங்கவே முடியவில்லை.

மில் மேனேஜர் மோசமான ஆள் இல்லை, அவருக்கு வேலை நடந்தால் சரி. "உங்க பொட்டியில என் ஆளுங்க அவங்க கையாலயே அவங்க பேரைப் போட்டுக் காட்டட்டும்மா. நீங்க யாரும் பக்கத்துல நின்னு சொல்லிக் கொடுக்கக் கூடாது. போட்டுட்டா பொட்டியிலயும் பேர், கேட்டுலயும் பேர். போடலைன்னா நம்பர்தான், அதுக்கப்புறம் இந்தப் பேச்சே கூடாது" என்றார். கெங்குசாமி அதற்குத் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, "அம்மிணி, இதுல தோத்தா நீயும் எழுத்துங்கற பேச்ச என்கிட்ட எடுக்கப்படாது" என்றார். சரிங்க மொதலாளி என்றாள் சாந்தாமணி. ஜெயிப்போம் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. எப்படி என்பதுதான் தெரியவில்லை.

இருநூற்று நாற்பத்தேழு எழுத்து. பொட்டியோ உள்ளங்கை அகலம். இங்கிலீஷ் டைப்ரைட்டர் வரிசையில் வைத்துப் பார்த்தாள், அது டைப்பிங் படித்தவர்களுக்கு மட்டும் புரிந்தது. ஒரு பொத்தானுக்கு நான்கு எழுத்து என்று நெருக்கி ஒட்டிப் பார்த்தாள், எறும்பு மொய்த்ததுபோல இருந்தது. பொட்டியைப் பார்த்தவுடனே, யாரும் சொல்லாமலே, எந்த எழுத்து எங்கே இருக்குமென்று விரலுக்குத் தெரிய வேண்டும் என்று அவள் சொல்லச் சொல்ல, விரலுக்கு என்ன கண்ணா இருக்குது என்று கம்பெனியில் சாலிடரிங் பண்ணுகிற பெண்கள் சிரித்தார்கள்.

விரலுக்குக் கண் இருப்பதை அவள் தன் அம்மா பாவாத்தாளிடம் கண்டாள். மாரியம்மன் நோம்பிக்கு இன்னும் எத்தனை நாள் என்று பாவாத்தாள் அடுப்படியில் நின்று எண்ணிக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் சுண்டுவிரலின் அடிக்கணுவில் தொடங்கி, மேலே ஏறி, பக்கத்து விரலின் அடிக்கு இறங்கி, மறுபடி ஏறி, அவள் பாட்டுக்குக் குழம்பைப் பார்த்துக்கொண்டிருக்க விரல் பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருந்தது. நான்கு விரல், விரலுக்கு மூன்று கணு, மொத்தம் பன்னிரண்டு. பொட்டியில் எண் பொத்தான் பத்தும் பக்கத்தில் இரண்டுமாக, வரிசைக்கு மூன்றாய் நான்கு வரிசை, அதுவும் பன்னிரண்டு. உயிரெழுத்து பன்னிரண்டு. மெய்யெழுத்து பதினெட்டாயிற்றே என்று ஒரு நிமிஷம் தடுமாறியவள், பள்ளிக்கூடத்தில் ராகம் போட்டுச் சொன்ன மாதிரியே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள்: கங, சஞ, டண, தந, பம என்று ஜோடி ஜோடியாக ஐந்து, பிறகு யரலவழள என்று தனித்தனியாக ஆறு, கடைசியில் றன என்று ஒரு ஜோடி. ஆகப் பன்னிரண்டு. தொட்டால் வல்லினம், அழுத்திப் பிடித்தால் அதோடு ஜோடி சேர்ந்த மெல்லினம். முதலில் மெய்யைத் தொடு, அடுத்து உயிரைத் தொடு, எழுத்து வந்துவிட்டது. மெய் மட்டும் போதுமென்றால் பன்னிரண்டுக்கும் வெளியே பக்கத்திலேயே இருக்கிறது புள்ளிப் பொத்தான், அதைத் தொடு; உயிர் மட்டும் போதுமென்றால் புள்ளியை முதலில் தொடு. சாந்தாமணி கரண்டியைப் பிடித்திருந்த அம்மாவின் கையைப் பிடுங்கிப் பொட்டியை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். விரலுக்கு ஒரு வரிசை, கணுவுக்கு ஒரு பொத்தான். "கொழம்பு அடிப்புடிக்குது, கைய உடுறி" என்றாள் பாவாத்தாள்.

இதை அவள் தன் கையிலேயே கண்டுபிடித்திருக்கலாமே என்று கேட்கலாம். முடியாது. சாந்தாமணி விரல் விட்டு எண்ண மாட்டாள். அவளுடைய அப்பா நாச்சிமுத்து வாத்தியார் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு தலைமுறைக்கே கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். மேஜை முன்னால் நிறுத்தி "எண்ணு" என்பார், பயல் விரலை மடக்கினால் மரஸ்கேல் விரலில் விழும். மூளை எதுக்குடா இருக்குது என்பார். ஊரில் வாங்காத ஆளில்லை. மற்ற பிள்ளைகளுக்கு ஓர் அடி என்றால் வாத்தியார் பிள்ளைக்கு இரண்டு. ஒருநாள் ஏழோடு ஐந்தைக் கூட்டும்போது மோதிரவிரலில் ஸ்கேல் முனை பட்டுத் தோல் கிழிந்தது, அந்தத் தழும்பு இன்னமும் இருக்கிறது. அத்தோடு அவள் கட்டைவிரல் எண்ணுவதை நிறுத்திக்கொண்டது. எதையும் அவள் தலைக்குள்ளேயே எண்ணுவாள், வேகமாகவும் எண்ணுவாள், தப்பும் வராது.

ஆகவே அம்மாவின் கையை வைத்து வரிசை போட்டு, அதைப் புரோகிராமாக எழுதிப் பொட்டிக்குள் ஏற்றி, ஒரு மத்தியான நேரத்தில் சுவிட்சைப் போட்டாள். அ என்று திரையில் விழுந்தது. கெங்குசாமி எல்லாருக்கும் போண்டா வாங்கிக் கொடுத்தார். மறுநாள் காலையில்தான் ஊர்க் கைகளில் எல்லாம் எழுத்து முளைத்தது.

முளைத்ததை வைத்துக்கொண்டு ஊர் சும்மா இருக்கவில்லை. கைரேகை பார்க்கிறவர் இனிமேல் உள்ளங்கையோடு கணுவும் பார்க்கப்படும் என்று போர்டை மாற்றி எழுதினார். சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டர் வந்தவர்களுக்கெல்லாம் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டு, தன் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். கல்யாணத் தரகர் பெண் பார்க்கப் போகும் இடத்தில் கையை நீட்டச் சொன்னார். மில்லுக்குள் போன பெண்கள்தான் இதற்கு உருப்படியான உபயோகம் கண்டுபிடித்தார்கள். ரிங் ஃப்ரேம் ஓடுகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் காதில் விழாது, வாயைத் திறந்தால் பஞ்சு போகும்; அவர்கள் கையை உயர்த்திக் கட்டைவிரலால் கணுவைத் தொட்டுத் தொட்டு, இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை பேச ஆரம்பித்தார்கள். மேஸ்திரி வர்றார், சோறு என்ன, உன் மாமியா எப்படி இருக்குது, நேத்து ஏன் வல்லை என்று காலமெல்லாம் பேசாமல் சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் இரண்டு ஷிப்டில் பேசித் தீர்த்தார்கள்.

அப்போதுதான் வினை வந்தது. மேஸ்திரி வருகிறார் என்று ஒருத்தி எச்சரித்ததை எதிரில் இருந்தவள் பார்த்துவிட்டு, ஒன்றும் விளங்காமல் என்ன என்ன என்று கேட்டுக்கொண்டே நின்று மேஸ்திரியிடம் மாட்டிக்கொண்டாள். கையோடு கையை வைத்துப் பார்த்தார்கள். ஒருத்திக்கு அ சுண்டுவிரலின் அடியில் இருந்தது, இன்னொருத்திக்கு ஆள்காட்டி விரலின் நுனியில் இருந்தது. ஊரில் பாதிப்பேர் சுண்டுவிரல் அடியிலிருந்து ஏறி எண்ணுகிறவர்கள், மீதிப்பேர் ஆள்காட்டி நுனியிலிருந்து இறங்கி எண்ணுகிறவர்கள். இத்தனை காலமும் ஒரே வீட்டில் ஒரே சட்டியில் சோறு தின்றும் இது ஒருவருக்கும் தெரியாது. அவரவர் எண்ணுகிற வழியில்தான் அவரவர் கையில் எழுத்து முளைத்திருந்தது. ஒரு பெண் புருஷனின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அதானே பாத்தேன், கட்டுன நாளா ஒண்ணும் ஒத்து வரலியேன்னு" என்றாள்.

தன் அம்மா எண்ணுகிற மாதிரியேதான் உலகம் எண்ணும் என்று சாந்தாமணி நினைத்துவிட்டாள். வேறு எந்தக் கையையும் அவள் பார்க்கவில்லை. அது தப்பென்று தெரிந்துகொண்டது பொட்டியோடு மில்லில் போய் நின்ற அன்றைக்குத்தான். மேனேஜர் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டார். முதலில் வந்தவள் பொட்டியைப் பார்க்கக்கூட இல்லை, என்னமோ பூத்தொடுக்கிற மாதிரி விரலை ஓடவிட்டாள், அவள் பேர் விழுந்தது. அடுத்தவள் பேரும் விழுந்தது. மூன்றாவதாக வந்த மாராத்தாள் ஆள்காட்டிக்காரி. அவள் விரலும் தயங்காமல்தான் ஓடியது, ஆனால் திரையில் விழுந்தது எந்த பாஷையிலும் சேராத ஒன்று. மறுபடி போட்டாள், மறுபடியும் அதே கூத்து. மேனேஜர் சிரித்துவிட்டார். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை, சிரிப்பு வந்தது, சிரித்தார்.

"பாதிப் பேருக்கு வருது, பாதிப் பேருக்கு வரலை. இதை வெச்சு நான் என்ன பண்றது? நூத்தி நாப்பது, போ, ஃப்ரேமைப் பாரு."

மாராத்தாள் போனாள். போகும்போது சாந்தாமணியைத் திரும்பிப் பார்த்து, பரவாயில்லை என்பதுபோலத் தலையை ஆட்டினாள். அவள் அப்படி ஆட்டாமல் திட்டியிருந்தால் சாந்தாமணிக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

கெங்குசாமி மேனேஜரின் காலைப் பிடிக்காத குறையாகப் பேசி, வாரவிடுமுறை கழிந்து திங்கட்கிழமை இன்னொரு தரம் பார்க்கிறேன் என்று சொல்ல வைத்தார். பொத்தான்மேல் எழுத்தை வார்க்க அச்சு வெட்ட வேண்டும், கோயமுத்தூரில் அச்சுக்காரர் எந்த வரிசை என்று கேட்டு ஆள்மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். ஊரோ அதற்குள் இரண்டாகப் பிரிந்துவிட்டது. சுண்டுவிரல்காரர்கள் ஒரு டீக்கடை, ஆள்காட்டிக்காரர்கள் ஒரு டீக்கடை. இரண்டு கூட்டமும் மாறி மாறிக் கம்பெனிக்கு வந்து, எங்கள் வழிதான் பூர்வீகம், அவர்கள் நடுவில் வந்தவர்கள் என்றார்கள்.

"ஓட்டு வெச்சரலாம் அம்மிணி. எந்தப் பக்கம் சாஸ்தியோ அந்த வரிசைய வெட்டீரலாம்" என்றார் கெங்குசாமி.

"மிச்சப் பேரு என்ன பண்ணுவாங்க மொதலாளி?"

"பழகிக்க வேண்டியதுதான்."

பழகிக்கொள்ள முடியுமா என்று சாந்தாமணி அன்று சாயங்காலம் மாராத்தாளையே போய்க் கேட்டாள். மாராத்தாள் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள். "ஏஞ்சாந்தா, கையில ஒண்ணு எழுதியிருக்குது, பொட்டியில ஒண்ணு எழுதியிருக்குது. நான் கை சொல்றதக் கேக்கறதா, பொட்டி சொல்றதக் கேக்கறதா?" என்றாள். பிறகு, "எனக்கு நம்பரே பழகிப் போச்சு புள்ள, நீ இதுக்காக மூஞ்சியத் தூக்கி வெச்சிட்டுத் திரியாத" என்று சொல்லிவிட்டுத் தொட்டியில் தண்ணீர் ஊற்றினாள். சாந்தாமணியால் அங்கே நிற்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. நாச்சிமுத்து வாத்தியார் ஸ்பூனில் சோறு தின்றார்.

இதை முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். ஊரில் எழுத்து முளைத்த அன்றிலிருந்தே வாத்தியாருக்கு வலது கையில் வாதம். கையைத் துண்டுக்குள் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, இடது கையில் ஸ்பூனைப் பிடித்து, சோற்றைப் பாதி வேட்டியிலும் பாதி வாயிலுமாகத் தின்றுகொண்டிருந்தார். பாவாத்தாள் வேப்பெண்ணெய் தடவ வந்தால் துண்டோடு தடவச் சொன்னார். வரிசைக் கவலையில் கிடந்த சாந்தாமணி இதையெல்லாம் பார்த்தும் பார்க்காமலே இருந்தாள். அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் சாய்வு நாற்காலியில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருக்க, துண்டு நழுவிக் கீழே கிடந்தது. கை மடியில் மல்லாந்து கிடந்தது. பன்னிரண்டு கணுவிலும் எழுத்து, ஊரிலேயே எவர் கையிலும் இல்லாத அளவுக்குக் கருத்து, அழுத்தமாக, ஆயுசு பூராவும் எண்ணித் தேய்த்த கை மாதிரி.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவருக்கு முழிப்பு வந்துவிட்டது, கையை இழுக்கப் பார்த்தார், அவள் விடவில்லை.

"ஏனுங்கப்பா, என்னைய எதுக்கு அடிச்சீங்க?"

வாத்தியார் நழுவிய துண்டை இடது கையால் எடுத்துக்கொண்டார். பிறகு, எங்கேயோ பார்த்துக்கொண்டு, "நீ எல்லாரும் பாக்க எண்ணுனே" என்றார்.

"நீங்க?"

"நான் துண்டுக்குள்ள எண்ணுனேன். வாத்தியாரு புள்ளயே வெரல விட்டு எண்ணுனா, அப்ப வாத்தியாரு எப்படி எண்றாருன்னு ஊரு பாக்குமில்ல?"

சாந்தாமணிக்குக் கோபம் தலைக்கேறியது. அழுகை இல்லை, சுத்தமான கோபம். ஊரில் இருக்கிற அத்தனை பயல்களும் அடி வாங்கிக்கொண்டே திருட்டுத்தனமாக எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்கள், அடித்தவரும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார், சொன்ன பேச்சைக் கேட்டு நிறுத்தியவள் தான் ஒருத்திதான், அதனால்தான் ஊரில் எழுத்தில்லாத கையும் தன் கை ஒன்றுதான். எழுந்து போய்விட நினைத்தாள். ஆனால் கண் அந்தக் கையை விட்டு நகர மாட்டேன் என்றது. அ சுண்டுவிரல் அடியிலும் இல்லை, ஆள்காட்டி நுனியிலும் இல்லை. நடுவிரலின் நடுக்கணுவில் இருந்தது. ஆ அதற்குக் கீழே, இ பக்கத்து விரலில், ஈ அதற்கு மேலே என்று சுற்றிச் சுற்றிப் போயிற்று. துண்டுக்குள் கையை மடக்கினால் கட்டைவிரல் தானாக விழுகிற இடம் அது, அங்கிருந்து தோள் அசையாமல் எண்ண வேண்டுமென்றால் அப்படித்தான் சுற்ற வேண்டும். கோபத்தோடேயே அவள் அவர் கையைப் பிடித்து அ-வில் தொடங்கி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். ஊரில் இரண்டு வழி இல்லை. எத்தனை கையோ அத்தனை வழி. ஒளித்து எண்ணினவர்களுக்கு ஒரு வழி, இடது கைக்காரர்களுக்கு ஒரு வழி, விரல் போனவர்களுக்கு ஒரு வழி. இதில் எதை வெட்டினாலும் யாரோ ஒருத்தர் நம்பராகத்தான் கிடக்க வேண்டும்.

அவள் அப்படியே கம்பெனிக்கு நடந்தாள். கெங்குசாமி ஞாயிற்றுக்கிழமையிலும் அங்கேதான் இருந்தார்.

"மொதலாளி, பொத்தான்மேல எழுத்தே வேண்டாமுங்க."

"அம்மிணி, வெயில்ல வந்தயா?"

"எண்ணு மட்டும் இருக்கட்டுமுங்க. எழுத்த நாம வெக்க வேண்டாம். சுவிட்சப் போட்டதும் பொட்டி அவங்களைப் பாத்து எண்ணச் சொல்லோணும். அவங்க எந்த வழியில எண்ணுவாங்களோ அந்த வழியில பன்னெண்டு பொத்தானையும் ஒருதரம் தொட்டுக் காட்டட்டும். முதல்ல தொட்டது அ, அடுத்தது ஆ. அவ்வளவுதானுங்க. சொன்ன பேச்சுக் கேக்கற பொட்டிதானுங்களே இது, அவங்க சொல்றதக் கேக்கட்டும்."

கெங்குசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நம்மூர்ல கையில எழுத்து இருக்குது. இதப் பொள்ளாச்சிக்கு விக்கோணும், தாராவரத்துக்கு விக்கோணும், அங்கெல்லாம் கையில ஒண்ணுமில்லியே?"

"எண்ணத் தெரியுமல்லங்க? அ ஆ தெரியுமல்லங்க? அது போதுமுங்க."

"அப்ப அச்சே வெட்ட வேண்டாமா?" என்று கேட்ட கெங்குசாமியின் முகம் மெல்ல மெல்லப் பூரித்ததைப் பார்த்திருக்க வேண்டும். அன்றைக்கே அச்சுக்காரருக்குப் போன் போட்டு, இனி ஆள் அனுப்ப வேண்டாம் என்று சந்தோஷமாகச் சொன்னார்.

திங்கட்கிழமை மில் முற்றத்தில் ஷிப்டு மாறுகிற நேரத்தில் ஊரே கூடியிருந்தது. சுண்டுவிரல்காரர்கள் ஒரு பக்கமும் ஆள்காட்டிக்காரர்கள் ஒரு பக்கமுமாக, யார் வரிசை ஜெயித்தது என்று பார்க்க வந்திருந்தார்கள். பொட்டியில் எந்த எழுத்தும் இல்லாததைப் பார்த்து இரண்டு பக்கமும் ஏமாந்தார்கள். மேனேஜர் சுவிட்சைப் போட்டார். "எண்ணு" என்று திரையில் விழுந்தது. அந்த வார்த்தையைச் சாந்தாமணி வேண்டுமென்றேதான் வைத்திருந்தாள்.

மாராத்தாள் வந்தாள். ஆள்காட்டி நுனி வரிசையில் தொடங்கிப் பன்னிரண்டையும் தொட்டாள், ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். பிறகு பேரைப் போட்டாள். மாராத்தாள் என்று விழுந்தது. மேனேஜர் அதைப் படித்தார், பொட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஏதோ அன்றைக்குத்தான் அவள் அங்கே வேலைக்குச் சேர்ந்தாற்போல. அப்புறம் சுண்டுவிரல்காரி வந்தாள், இடது கைக்காரி வந்தாள், பஞ்சு ஜின்னிங் மிஷினில் ஒரு விரல் போனவர் வந்து இல்லாத விரலின் வரிசையையும் காற்றில் எண்ணிவிட்டுப் பொத்தானில் தொட்டுக் காட்டினார், அவர் பேரும் பிசகாமல் விழுந்தது. யார் ஜெயித்தார்கள் என்று தெரியாமல் இரண்டு கூட்டமும் ஒன்றோடொன்று கலந்துபோய் நின்றன.

"சரிம்மா" என்றார் மேனேஜர். "சொன்ன சொல் சொன்னதுதான். இனிமே பேர்தான். கடைசியா நீங்களும் உங்க பேரைப் போட்டுடுங்க." பொட்டியை நீட்டினார்.

எண்ணு என்றது பொட்டி.

சாந்தாமணிக்குக் கட்டைவிரல் எழவில்லை. எந்தக் கணுவில் தொடங்குவது? அம்மாவின் வழியா? அது அம்மாவின் கை. தலைக்குள் ஆயிரம்வரை எண்ணிவிடுவாள், விரலில் ஒன்று எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. ஊரே பார்த்துக்கொண்டிருக்க, அவள் மூன்றாம் வகுப்பு மேஜை முன்னால் நிற்கிற பிள்ளை மாதிரி நின்றாள்.

கூட்டத்தின் பின்னாலிருந்து நாச்சிமுத்து வாத்தியார் முன்னால் வந்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி விரித்துப் பிடித்தார். அந்த முற்றத்தில் நின்றவர்களில் பாதிப்பேர் அவரிடம் ஸ்கேல் அடி வாங்கியவர்கள். கருகருவென்று எழுத்து மின்னிய அந்தக் கையை அத்தனை பேரும் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. யாரோ ஒருவர் மட்டும் தன் விரலைத் தடவிக்கொண்டார்.

"எண்ணு கண்ணு" என்றார் வாத்தியார். "நானும் எண்றேன்."

ஊர் பார்க்க, நடுவிரலின் நடுக்கணுவில் கட்டைவிரலை வைத்து, ஒண்ணு என்று சத்தமாகச் சொன்னார். சாந்தாமணியின் கட்டைவிரல் எழுந்தது. அது சுண்டுவிரலுக்குப் போகவில்லை, ஆள்காட்டிக்கும் போகவில்லை, அப்பாவின் நடுவிரலுக்கும் போகவில்லை. முன்பு எந்தக் கணுவில் ஸ்கேல் விழுந்து எண்ணிக்கை நின்றுபோனதோ, மோதிரவிரலில் தழும்பு இருக்கிற அந்தக் கணுவுக்கே போய், அங்கிருந்து தொடங்கியது. ஒண்ணு என்றாள். தழும்பின்மேல் அ சிவந்து வந்தது. ரெண்டு என்றாள், ஆ வந்தது. அவள் எண்ண எண்ணக் கணுவுக்குக் கணு எழுத்து ஏறிக்கொண்டே வந்து, பன்னிரண்டில் கை நிறைந்தது. அந்த வழியில் எண்ணுகிறவர் ஊரில் வேறு யாரும் இல்லை என்று பக்கத்தில் நின்ற பெண் பிறகு எல்லாரிடமும் சொன்னாள். பொட்டியில் அதே வரிசையைத் தொட்டுக் காட்டிவிட்டு, சாந்தாமணி தன் பேரைப் போட்டாள், பேர் விழுந்தது.

அதே நேரம் கேட்டில் ஏதோ பேச்சுச் சத்தம் கேட்டது. ஊரிலிருந்து ஓர் ஆள் வந்திருந்தார். வாட்ச்மேன் பழக்கதோஷத்தில் டோக்கன் பலகைப் பக்கம் திரும்பினார், பிறகு என்ன நினைத்தாரோ, அதைப் பார்க்காமல் முற்றத்தைப் பார்த்துக் கையைக் குவித்துக்கொண்டு குரல் கொடுத்தார்.

"மாராத்தா, உன்னையத் தேடி ஆள் வந்திருக்குது. ஆடு குட்டி போட்டிருக்குதாமா, ரெண்டு."

மாராத்தாள் கேட்டைத் திரும்பிப் பார்த்தாள். சாந்தாமணி அவளைப் பார்த்தாள். பிறகு மாராத்தாள் கண்ணை முந்தானையால் துடைத்துக்கொண்டு, "இதா வந்துட்டனுங்க" என்று சொல்லிக்கொண்டே கேட்டுக்குப் போனாள்.